நன்மை தீமைப் பட்டியலில் விடுபட்டவள்

மாதவிலக்கு நின்ற பெண்களுக்குக் கொடுக்கப்படும் ஹார்மோன் மாற்று சிகிச்சை பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களில் வருகிற கட்டுரைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு பக்கம் நன்மை: உடம்புச் சூடு தணியும், தூக்கம் வரும், எலும்பு தேயாது. மறுபக்கம் தீமை: மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம். கடைசி வரியில் ‘உங்கள் மருத்துவரைக் கலந்தாலோசியுங்கள்’. இதில் பொய் ஒன்றுமில்லை. என் கேள்வி வேறு. ‘உங்கள்’ என்று அந்தக் கட்டுரை யாரைக் கூப்பிடுகிறது?

அது கூப்பிடுகிறவளுக்கு வயது ஐம்பது. அவளுக்குத் தீட்டு தானாக நின்றிருக்கிறது. அவளுக்கென்று ஒரு மருத்துவர் இருக்கிறார். மார்பகத்தைப் படமெடுத்துப் பார்க்கிற வசதி பக்கத்திலேயே இருக்கிறது. அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குத் திடீரென்று வேர்த்துக் கொட்டுகிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அவளுடைய அவஸ்தையும் அவஸ்தைதான். ஆனால் தேவதானப்பட்டியில் எங்க காலனியில் நான் தினமும் பார்க்கிற பொம்பளைகள் ஒருத்திகூட அந்தப் பக்கத்துக்குள் நுழைய முடியாது. அவர்கள் நாற்பது வயதுக்கு முன்பே கர்ப்பப்பையை எடுத்துக் கொண்டவர்கள். அவர்கள் உடம்பில் எதுவும் ‘நின்று’ போகவில்லை. நிறுத்தப்பட்டது.

எங்க மதினிக்கு அப்போது 34 வயசு. மூன்று பிள்ளை பெற்று, இருபத்தைந்துக்குள்ளேயே குடும்பக் கட்டுப்பாடு செய்து கொண்டவள். மஞ்சளாற்றுப் பாசனத்தில் நடவு, களையெடுப்பு, தென்னந்தோப்பில் காய் பொறுக்குவது, மாங்காய்க் காலத்தில் கூடை சுமப்பது, இதுதான் அவளுக்கு வேலை. பெரும்பாடு ஆகிவிட்டது. பத்து நாள், பன்னிரண்டு நாள் நிக்கவில்லை. வரப்பில் எங்கே துணி மாற்றுவது? எங்கே அலசுவது? வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. பக்கத்து டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேன் எடுத்த டாக்டர் ரெண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்: “கர்ப்பப்பை புண்ணா இருக்கு, விட்டா கேன்சரா மாறிரும். உனக்குத்தான் பிள்ளை போதும்ல, எடுத்துரு.” தோட்டை அடகு வைத்து எடுத்தார்கள்.

அதன்பின் ஆறு மாதம் சந்தோஷமாக இருந்தாள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘விட்டுச்சு சனியன்’ என்றுதான் சொன்னாள். அப்புறம் ஆரம்பித்தது. “உள்ளுக்குள்ள யாரோ அடுப்பு மூட்டுன மாதிரி எரியுது. நெஞ்சு படபடன்னு அடிக்குது. ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கிறேன். புருசன் பக்கத்துல வந்தா கள்ளிமுள்ளு குத்துன மாதிரி இருக்கு.” முட்டி வலி, இடுப்பு வலி. பூசாரியிடம் வேப்பிலை அடித்தார்கள். ஒரு கம்பவுண்டர் சத்து ஊசி போட்டார். இன்னொரு டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். ஹார்மோன் மாத்திரை ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “அதெல்லாம் கேன்சர் வரும்மா, பேப்பர்ல படிக்கலையா?” என்றார்.

கேன்சர் என்று பயமுறுத்தி எடுத்தார்கள். கேன்சர் என்று பயமுறுத்தித் தராமல் விட்டார்கள். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில்தான் எங்க பொம்பளைகளின் உடம்பு கிடக்கிறது. நான் எழுத வந்த விஷயம் இதுதான்.

மதினியிடம் இருக்கிற ஒரே மருத்துவப் பிரதி, ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் கார்டு. மஞ்சப்பையில் ரேசன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறாள். மருத்துவப் பக்கத்துக் கட்டுரைகளைவிட இதை வாசிப்பதுதான் விமர்சகனுக்கு முக்கியமான வேலை. அதில் இங்கிலீஷில் இரண்டு சொற்கள், ரெண்டும் சுருக்கெழுத்து. முதலாவது டி.ஏ.எச். வயிற்றைக் கிழித்துக் கர்ப்பப்பையை முழுசாக எடுத்தாயிற்று என்று அர்த்தம். இரண்டாவது பி.எஸ்.ஓ. இரண்டு பக்கமும் கருக்குழாயையும் சினைப்பையையும் சேர்த்து எடுத்தாயிற்று என்று அர்த்தம். மதினிக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. ‘கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க’ என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். கையெழுத்து மட்டும் அண்ணனிடம் வாங்கியிருக்கிறார்கள். அவளிடம் வாங்கவில்லை.

சினைப்பை முட்டை போடுகிற பை மட்டும் அல்ல. ஈஸ்ட்ரோஜன் என்கிற சுரப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. எலும்பின் கெட்டித்தன்மை, ரத்தக்குழாயின் நெகிழ்வு, உடல் சூட்டைச் சமன் செய்கிற மூளைப் பகுதி, பெண்ணுறுப்பின் ஈரம் எல்லாவற்றிலும் அதற்குப் பங்குண்டு. தானாக நிற்கும்போது சில வருசங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46 வயதை ஒட்டி நடக்கிறது, மேற்கில் 51. கத்தியால் எடுத்தால் ஒரே நாளில் அறுந்து போகும். சினைப்பையை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தாலும்கூட அது சில வருசம் முன்னதாகவே ஓய்ந்துவிடக்கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நாற்பத்தைந்துக்கு முன் இரண்டு சினைப்பையும் இழந்து, ஈடாக ஈஸ்ட்ரோஜனும் பெறாதவர்களுக்கு இதயநோய்ச் சாவு கூடுகிறது என்பதை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை பல வருசம் பின்தொடர்ந்து எழுதியிருக்கிறது.

இது மதினி ஒருத்தியின் கதை இல்லை. 2015-16இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குமேல் கர்ப்பப்பை எடுத்தவர்கள். ஆந்திராவில் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவுக்கு. மூன்றில் இரண்டு பங்கு அறுவை தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்தது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள், வேலைக்கு வராத நாளுக்குக் காண்டிராக்டருக்குத் தண்டம் கட்ட வேண்டியிருப்பதால் கர்ப்பப்பையை எடுத்துக் கொள்கிறார்கள் என்ற செய்தி 2019இல் வெளிவந்தது. அரசு அமைத்த குழு 82,309 பெண்களை விசாரித்ததில் 13,861 பேருக்கு எடுத்திருந்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையில்லாமல் எடுத்தது குறித்து டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில் 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அறுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித், ஆதிவாசி, பிற்பட்ட சாதிப் பெண்கள் என்பது வழக்கிலேயே சொல்லப்பட்டது. நல்ல தீர்ப்பு. இனிமேல் எடுப்பதைத் தடுக்கிற தீர்ப்பு. ஏற்கெனவே எடுத்தவளுக்கு என்ன?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் ‘பேப்பர்ல படிக்கலையா’ என்ற டாக்டரின் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அது வந்தது 2002 ஜூலையில். ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்கிற பெரிய அமெரிக்க ஆய்வு. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை அல்லது வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து வருசத்துக்குச் சற்று மேலே போனதும் பாதியில் நிறுத்திவிட்டார்கள். பத்தாயிரம் பெண்கள் ஒரு வருசம் அந்தச் சேர்க்கை மாத்திரையைச் சாப்பிட்டால் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்று, 8 பேருக்குப் பக்கவாதம், 7 பேருக்கு இதயத் தாக்குதல், 8 பேருக்கு நுரையீரலில் ரத்தக்கட்டு. மறுபக்கம் இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்கும், பெருங்குடல் புற்று 6 பேருக்கும் குறைந்தது. உலகம் பூராவும் தலைப்புச் செய்தி.

இந்த ஆய்வை ஒரு பிரதியாக வாசித்தால் அதற்குள்ளும் ஒரு கதாநாயகி இருக்கிறாள். அவளுடைய சராசரி வயது 63. பெரும்பாலும் வெள்ளைக்காரி. தீட்டு நின்று பத்துப் பன்னிரண்டு வருசம் கழித்து மாத்திரையைத் தொடங்கியவள். அவளுக்குச் சொன்ன தீர்ப்பை 34 வயது மதினிக்குச் சொன்னார் எங்க டாக்டர். இதைவிட வேடிக்கை, அதே ஆய்வின் இன்னொரு கை கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களைப் பற்றியது. அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தார்கள். பக்கவாதம் கூடியதால் 2004இல் அதையும் நிறுத்தினார்கள். ஆனால் மார்பகப் புற்று கூடவில்லை. நீண்ட காலம் பார்த்ததில் குறைந்தே இருந்தது. மதினி சேர்கிற கட்சி இதுதான். கர்ப்பப்பை இருக்கிறவளுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் உட்சவ்வில் புற்று வரும், அதற்காகத்தான் புரோஜெஸ்டின் சேர்ப்பது. கர்ப்பப்பையே இல்லாதவளுக்கு அந்தச் சேர்க்கை பொதுவாகத் தேவைப்படாது. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லாத கட்டுரை எங்க தெருவுக்கு எதையுமே சொல்லவில்லை.

இள வயதிலேயே சினைப்பையை இழந்தவர்களுக்கு வேறு தடை இல்லையென்றால் இயல்பாக நிற்கும் வயது வரைக்கும் ஹார்மோன் கொடுக்க வேண்டும் என்பதே இன்று மருத்துவ நெறிகள் பலவும் சொல்வது. பிரிட்டனின் ‘நைஸ்’ நிறுவனம் 2015லேயே சொன்னது. அறுபது வயதுக்காரிக்கு இது கூடுதல் மருந்து. 34 வயதுக்காரிக்கு உடம்பிலிருந்து பிடுங்கியதைத் திருப்பி வைப்பது. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துகளின் பெட்டிமேல் போட்டிருந்த பெரிய எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை எடுக்கப் போவதாக அறிவித்தது. பயம் எங்க டாக்டர் வரைக்கும் வர ஒரு பேப்பர் செய்தி போதும். பயம் தெளிந்த செய்தி வர எத்தனை வருசம் ஆகுமோ.

நான் மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். கம்பெனிகளின் யோக்கியதை தெரியாதது அல்ல. கர்ப்பமான குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எடுத்த பிரெமரின் 1942லேயே அமெரிக்கச் சந்தைக்கு வந்துவிட்டது. 1966இல் ராபர்ட் வில்சன் என்கிற டாக்டர், என்றென்றும் பெண்மை என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதி, மாதவிலக்கு நிற்பதையே ஒரு வியாதி ஆக்கினார். மாத்திரை சாப்பிட்டால் புருசனுக்குப் பிடித்தவளாக இருக்கலாம் என்பதுதான் அதன் சாரம். அவர் நடத்திய அறக்கட்டளைக்குக் கம்பெனிப் பணம் வந்தது பிற்பாடு வெளியானது. 1975இல் கர்ப்பப்பைப் புற்று பற்றிய ஆய்வுகள் வந்து அந்த மோகத்தை முறித்தன. தமிழ்நாட்டுப் பெண்ணியத் தோழர்கள் ஹார்மோன் என்றாலே சந்தேகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தேகமும் மேலே சொன்ன ஐம்பது வயதுக்காரியை மனதில் வைத்துப் பிறந்ததுதான். அதை அப்படியே எடுத்துவந்து எங்க காலனியில் நட்டால் முளைக்காது.

ஆபத்தை நான் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். எங்க பொம்பளைகளில் வெத்தலையோடு புகையிலை போடாதவர்கள் குறைவு. பிரஷர் இருப்பது தெரியாமலே சுமை தூக்குகிறவர்கள் உண்டு. மார்பில் கட்டி இருந்தாலும் காட்டக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. மார்பகப் புற்று வந்தவள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவள், பக்கவாதம் வந்தவள், ஈரல் கெட்டவள், காரணம் தெரியாமல் உதிரம் போகிறவள் ஆகியோருக்கு இந்த மாத்திரை கூடாது. வாய்வழி மாத்திரை ஈரல் வழியாகப் போவதால் ரத்தம் உறைவதைக் கூட்டுகிறது. தோலில் தடவுகிற ஜெல், ஒட்டுகிற பட்டை ஆகியவற்றில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் கைக்காசு போட்டு வாங்க வேண்டியதென்றால் ஜெல் எங்களுக்கு எட்டாத பழம். கம்பம், போடிப் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய் இருட்டின பிறகு இறங்குகிற பொம்பளை எந்த நேரத்தில் பிரஷர் பார்ப்பாள்? ஆபத்து என்பது மருந்துக்குள் மட்டும் இல்லை, அவளைச் சுற்றியும் இருக்கிறது. பட்டியல் போடுகிறவர்கள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை.

இதில் அரசின் நடத்தை தனியாகப் பார்க்க வேண்டியது. ஹார்மோன் எங்க உடம்புக்குப் புதுசு இல்லை. 1985இல் ஆந்திராவின் பட்டன்செருவில் நெட்-என் கருத்தடை ஊசியை, ஒழுங்காக விளக்கம் சொல்லாமல் ஏழைப் பெண்களுக்குப் போட முயன்றதை எதிர்த்துப் பெண்கள் அமைப்புகள் உச்சநீதிமன்றம் வரை போயின. 2017இலிருந்து ‘அந்தரா’ என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற இன்னொரு ஊசி அரசாங்கத்தின் திட்டத்திலேயே இலவசமாக வந்துவிட்டது. போட்டுக்கொள்ளும் காலத்தில் எலும்பின் அடர்த்தி குறையும் என்பது தெரிந்த சங்கதி. பிள்ளை பெறாமல் இருக்க ஹார்மோன் வீடு தேடி வரும். எலும்பு முறியாமல் இருக்க வராது. கணக்கெடுப்பைப் பாருங்கள்: குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண்களுக்கான கேள்வித்தாள் 49 வயதோடு முடிந்துவிடுகிறது. ஆண்களுக்கு 54 வரை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ எங்க தெருவுக்கும் வருகிறது, பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் தருகிறது. இது பெரிய காரியம், மறுக்கவில்லை. அதே அக்காமார்கள் ‘கர்ப்பப்பை எடுத்திருக்கா, எந்த வயசுல, சினைப்பை இருக்கா இல்லையா’ என்று மூன்று கேள்வி கேட்டு எழுதிக் கொண்டால் ஒரு மாவட்டத்தின் கணக்கே கிடைத்துவிடும்.

இலக்கியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இது இலக்கியப் பத்திரிகை. பூப்பு, குச்சில், மஞ்சள் தண்ணி, தாய்மாமன் சீர் என்று தொடக்கத்தைத் தமிழ் எழுத்து பாடித் தீர்த்திருக்கிறது. முடிவைப் பற்றிய எழுத்து அரிது. நம்முடைய தலித் எழுத்தும் இதில் விலக்கு இல்லை. பிரசவம், வன்கொடுமை, கூலி, அடி உதை எல்லாம் வந்திருக்கிறது, வர வேண்டியதுதான். நாற்பது வயதில் ராத்திரி எழுந்து உட்கார்ந்திருக்கிற பொம்பளை வரவில்லை. பாமாவின் ‘சங்கதி’ (1994) கிட்டத்தட்ட அந்த வாசல்வரை போகிறது. பேய் ஏன் நம்ம தெருப் பொம்பளைகளையே பிடிக்கிறது என்று அது கேட்கிறது, உழைப்பின் பாரத்தையும் மனசின் பாரத்தையும் காட்டுகிறது. அந்தக் கேள்வியை இன்னும் ஒரு அடி நகர்த்தி, பூசாரி முன்னால் உட்கார்ந்திருக்கிற பொம்பளைக்குச் சினைப்பை இருக்கிறதா என்று கேட்கிற எழுத்து இனிமேல்தான் வர வேண்டும். அம்பையின் ‘காட்டில் ஒரு மான்’ கதையில் பூக்கவே பூக்காத தங்கம் அத்தை வருகிறாள். அந்தக் கதை அருமையானது. ஆனால் அத்தையின் உடம்பைக் கூலிக்காக யாரும் அறுக்கவில்லை.

இந்த மௌனத்துக்குக் காரணம் தீட்டு என்கிற சொல்தான் என்று நினைக்கிறேன். தீட்டாகப் பார்க்கிற சமூகத்தில் அது நிற்பது விடுதலையாகத்தான் பேசப்படும். வியாதியாகவோ இழப்பாகவோ பேச வாய் வராது. எங்க பள்ளத்தாக்கு வழியாகத்தான் குமுளி போகிற ஐயப்ப சாமிமார் வண்டிகள் போகின்றன. பத்திலிருந்து ஐம்பது வயதுவரை பெண் வரக்கூடாது என்ற தடையை உச்சநீதிமன்றம் 2018இல் நீக்கியபோது எங்க தெருவில் ஒரு கேலி ஓடியது: “நமக்கு எதுக்குடி கோர்ட்டு, நமக்குத்தான் முப்பத்தஞ்சுலயே தீட்டு கழிஞ்சு போச்சே.” எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கிழவி மட்டும், “அந்தத் தீட்டு போச்சு, டீக்கடை கிளாஸ் தீட்டு போச்சாக்கும்?” என்றாள்.

ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை, இறந்துபோன தலித் பெண்களின் சராசரி வயது 39.5 என்றும் மேல்சாதிப் பெண்களின் சராசரி 54.1 என்றும் சொன்னது. இது ஆயுள் எதிர்பார்ப்பு அல்ல, செத்தவர்களின் சராசரி. புள்ளியியல்காரர்கள் சண்டை போடட்டும். ‘மாதவிலக்கு நின்றபின் வாழ்க்கைத் தரம்’ என்று தலைப்புப் போட்டு எழுதுகிறவர்கள் இந்த எண்ணை ஒருதரம் பார்த்துவிட்டு எழுதலாம்.

போன வருசம் மதினியை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், கார்டையும் எடுத்துக் கொண்டு. இப்போது அவளுக்கு வயது 38. அங்கிருந்த டாக்டரம்மா கார்டைப் பார்த்ததும், “ரெண்டு ஓவரியும் எடுத்திருக்காங்களே, ஏன் இத்தனை வருசம் வரல?” என்றார். பிரஷர் பார்த்தார், மார்பைத் தடவிப் பார்த்தார், புகையிலை போடுவியா, அம்மாவுக்கு என்ன வியாதி இருந்தது என்று கேட்டார். மதினியின் அம்மா பக்கவாதத்தில் போனவர். அதைக் கேட்டதும் டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். மாத்திரை வேண்டாம், தடவுகிற மருந்து பார்க்கலாம், புகையிலையை விடணும், மூணு மாசத்துக்கு ஒருதரம் பிரஷர் பார்க்கணும் என்றார். எத்தனை வருசத்துக்கு என்று மதினி கேட்டாள். நாற்பத்தாறு, நாற்பத்தேழு வரைக்கும், அப்புறம் மறுபடி பார்க்கலாம் என்றார். மதினி விரல்விட்டு எண்ணினாள். விலை கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். எழுந்திரிக்கும்போது கார்டைத் திருப்பி மேஜைமேல் வைத்து, “என்னல்லாம் எடுத்திருக்குன்னு இதுல தமிழ்ல எழுதிக் குடுங்கம்மா” என்றாள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார்.